பீப்பா உட்கார்ந்த கதவுகள்

நாய்க்காரர் பதினாலு தடவை சாட்சிக் கூண்டில் ஏறினார். பதினாலு தடவையும் சொன்னது ஒன்றுதான்: "என் நாய் உட்கார்ந்தா அங்க சரக்கு இருக்கு. நாய்க்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க." நீதிபதிகள் தலையாட்டினார்கள். பதின்மூன்று பேர் சிறைக்குப் போனார்கள், பதினாலாவது ஆள் சிறை வரை போய்ச் சேரவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. நாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது. நாய்க்காரருக்குத் தெரியும்.

அவர் போலீஸ்காரர் இல்லை. துறைமுகக் கிடங்கில் காவலாளியாக இருந்தவர். ஒப்பந்தக் கூலி. கிடங்குக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்த எண்ணெய்ப் பீப்பாய்க்குள் கண் திறக்காத குட்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. எடுத்து வளர்த்தார். பெயர் வைக்க யோசிக்கவில்லை, பீப்பா என்றார். செம்பட்டை நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது தொங்கும். ஒருநாள் போதைத் தடுப்புப் படை உயர்ந்த சாதி நாய் ஒன்றோடு கிடங்கைச் சோதிக்க வந்தது. அந்த நாய் நிழல் பார்த்துப் படுத்துக்கொண்டது. பீப்பாதான் லாரி டயருக்குள் இருந்த பொட்டலத்தைக் கீறிக் கீறிக் காட்டிக் கொடுத்தது. படை, நாயையும் ஆளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. நாய்க்கு முதல் வாரமே எண் போட்ட அடையாள அட்டை வந்தது. அவருக்கு வர ஏழு மாதம் ஆயிற்று.

வேலை இப்படி. துண்டை இறுக்கிச் சுருட்டி அதற்குள் சரக்கின் வாசனையை வைத்து ஒளித்துவிடுவார்கள். நாய் தேடிக் கண்டுபிடித்து, குரைக்காமல், கீறாமல், அதன் முன்னால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் ரப்பர் பந்து கிடைக்கும். பந்துக்காகத்தான் எல்லாம். தூள் மீது பீப்பாவுக்கு ஒரு கோபமும் கிடையாது. பந்து எப்படிக் கிடைக்குமோ அதைச் செய்யும்.

அந்த வருஷம் அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டது. வீட்டுக்குள் நுழைய நீதிபதியின் கையெழுத்து வேண்டும். ஆனால் நாய் உட்கார்ந்துவிட்டால் வேண்டாம். அவ்வளவுதான் உத்தரவு. அன்றிலிருந்து அந்த நகரத்தில் ஒவ்வொரு கதவும் பீப்பாவின் பின்பக்கத்தை நம்பித்தான் நின்றது.

அவருடைய தங்கச்சி, ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்றாவது மாடியில் இருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தன் வீட்டு லிஃப்ட் ஓடாமல் படியேறுவான். வீட்டுக்காரன் உதிரிபாகம் வாங்கித் தரமாட்டேன் என்று மூன்று வருஷமாய் இழுத்தடித்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் விட்டுவைக்கவில்லை.

"என்ன மெக்கானிக்கு, மூச்சு வாங்குது? ஒரு போன் போட்டு நல்ல மெக்கானிக்கா வரச் சொல்லவா?"

"வரச் சொல்லுங்க. வந்தவன் என்னை மேல தூக்கிட்டுப் போவான்."

சிரித்துக்கொண்டே போகிற ஆள். நாய்க்காரரைப் பார்த்தால், "வாங்க மச்சான், உங்க முதலாளி எங்க?" என்று பீப்பாவைத்தான் தேடுவான்.

அந்தத் தெரு முனையில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவன் சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். கடையில் போன் இருந்ததை விட மாத்திரை அதிகம். தங்கச்சி குடியிருந்த கட்டடத்தில் ஐந்தாம் மாடிப் பெண் ஒருத்தி, பத்தொன்பது வயது, அந்த மாத்திரையில் போய்ச் சேர்ந்தாள். பிணத்தைச் சுற்றிய துணி தங்கச்சியின் சலவைக் கூடத்துக்கே வந்தது.

அன்று அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவள் கேட்டாள். "ஏண்ணே, உன் நாய் என்னத்துக்கு இருக்கு? துறைமுகத்துல கப்பல் எண்ணவா?"

"ரெண்டு தடவை கூட்டிட்டுப் போயிட்டேன்மா. உக்காரலை. அவன் மெழுகு பூசி ஒட்டி வச்சிருக்கான், வாசனையே வெளிய வராது."

"உக்கார வை."

"அது சொன்னா உக்கார்ற சங்கதி இல்லம்மா."

"அண்ணே, நீ சொன்னா அது கிணத்துலயே குதிக்கும். என்கிட்ட சொல்லாத."

மூன்றாவது தடவை சுருட்டையின் வீட்டு வாசலில் பீப்பா மோந்து பார்த்துவிட்டு நகரப் போனது. நாய்க்காரர் நின்றார். கழுத்துக் கயிற்றின் முடிச்சைக் கட்டைவிரலால் அழுத்தினார், மூச்சைப் பிடித்துக்கொண்டார். பழக்கும்போது, நாய் சரியாகக் கண்டுபிடித்த கணத்தில் அவரையும் அறியாமல் அவர் செய்கிற காரியம் அது. பீப்பா அவர் முகத்தைப் பார்த்தது. உட்கார்ந்தது.

படையில் சம்மட்டி தூக்குகிறவனுக்குச் சுத்தியல் என்றே பெயர். இரண்டே அடி. கதவு விழுந்தது. படையின் இன்ஸ்பெக்டர் சுருட்டையின் வலது கையை இழுத்துக் குளியலறைக் கதவு இடுக்கில் வைத்து, கதவைக் காலால் சாத்தினார். இரண்டாவது சாத்தலில் விரல் எலும்புகள் முறிந்த சத்தம் வாசல் வரை கேட்டது. மூன்றாவது சாத்தலுக்கு முன்பே சுருட்டை மேல்கூரைப் பலகையைக் காட்டிவிட்டான். நாலு கிலோ. மெழுகு பூசியது.

பொய் சொல்லித்தான் உள்ளே போனார்கள். உள்ளே உண்மை இருந்தது. அந்த மனுஷன் கெட்டது அங்கேதான். முதல் பொய்யில் மாட்டியிருந்தால் அதோடு விட்டிருப்பார்.

தங்கச்சியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல காரியம் பண்ணினே. சாமிகிட்ட கணக்குக் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

இன்ஸ்பெக்டர் முட்டாள் இல்லை. கயிற்று முடிச்சில் இருந்த கட்டைவிரலை அவர் பார்த்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஜீப்பிலிருந்து இறங்கும்போது ஒரு கதவைக் காட்டி, "நாய்க்காரரே, இங்க உக்காரும்னு எனக்குத் தோணுது" என்றார். உட்கார்ந்தது. அங்கேயும் சரக்கு இருந்தது. அடுத்ததிலும் இருந்தது.

நாலாவது வீட்டில் இல்லை. பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறவன் வீடு. தேடிக் களைத்த பிறகு இன்ஸ்பெக்டர் தன் பையிலிருந்தே ஒரு பொட்டலத்தை எடுத்து அலமாரியில் வைத்தார். "இது என்னுது இல்ல சார்" என்று சொன்னதற்கு அவன் வாயில் துப்பாக்கிக் கட்டையால் ஒன்று விழுந்தது. பற்களைத் தரையிலிருந்து அவன் மனைவிதான் பொறுக்கினாள். ஏழாவது வீட்டில் ஒருவன் பின்பக்க ஜன்னல் வழியாகக் குதித்தான், இரும்பு வேலிக் கம்பி தொடைக்குள் போய் மறுபக்கம் வந்தது. அவனை இறக்காமல், தொங்கவிட்டபடியே கேள்வி கேட்டார்கள். நாய்க்காரர் ஒவ்வொரு தடவையும் வாசலிலேயே நின்றார். நின்றுகொண்டு பந்தைப் போட்டார். பீப்பா அதைக் கவ்விக்கொண்டு வந்து கொடுத்தது. உள்ளே அலறல், வெளியே பந்து. ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது.

பதினாலாவது வீட்டுக்காரன் ஜீப்பிலேயே ரத்தம் கக்கிச் செத்த பிறகு அவர் முடிவெடுத்தார். விரலை இனி முடிச்சில் வைப்பதில்லை. வேலையை விடவில்லை. விட்டால் பீப்பாவைப் பறித்து வேறு ஆளிடம் கொடுப்பார்கள், அது படைச் சொத்து. விரலை எடுத்துவிட்டால் நாய் பழையபடி மூக்கை நம்பும், பொய் தானாக நின்றுவிடும் என்று கணக்குப் போட்டார். மூன்று வாரம் விரலை வைக்கவில்லை. மூன்று வாரம் பீப்பா எங்கும் உட்காரவில்லை. இன்ஸ்பெக்டர் முறைத்தார். நாய்க்காரருக்கு ராத்திரியில் தூக்கம் வந்தது.

நாலாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. ஜீப் தங்கச்சியின் தெருவுக்குள் திரும்பியது.

"எந்த வீடு சார்?" என்று கேட்டார்.

"நாலாவது மாடி. சுருட்டையோட பழைய ஆளு ஒருத்தன் குடி வந்திருக்கான். ஏன், உனக்கு இங்க யாரையாவது தெரியுமா?"

"இல்ல சார்."

அவள் பெயரை இந்த ஆளின் வாயில் போடக்கூடாது என்று நினைத்துச் சொன்னது. தப்பு அங்கேயும் ஒன்று.

லிஃப்ட் ஓடியிருந்தால் நேரே நாலாவது மாடிக்குப் போயிருப்பார்கள். ஓடவில்லை. படியேறினார்கள். முதலில் நாய், பிறகு அவர், பின்னால் ஆறு பேர். மூன்றாவது மாடி வந்தது. இடது பக்கம் தங்கச்சி வீட்டுக் கதவு. அவள் வேலைக்குப் போயிருப்பாள். மெக்கானிக் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு உள்ளே தூங்குவான். இந்த வாசல் முன்னால் மட்டும் நின்றுவிடக்கூடாது, இதைத் தாண்டிவிட வேண்டும், தாண்டிவிட வேண்டும் என்று அவர் நெஞ்சுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

பீப்பா நின்றது. அவர் முகத்தைப் பார்த்தது. தங்கச்சி வீட்டு வாசலில் உட்கார்ந்தது.

கட்டைவிரல் முடிச்சில் இல்லை. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். விரல் கயிற்றைத் தொடவே இல்லை.

"ஆஹா" என்றார் இன்ஸ்பெக்டர். "நாலாவதுன்னு நினைச்சேன். மூணாவதா?"

"சார், தப்பா உக்காந்துடுச்சு. எழுந்திரு பீப்பா. ஏய், எழுந்திரு!"

"நாய்க்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு நீதானேய்யா பதினாலு தடவை சொன்னே? சுத்தியல், வா முன்னால."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மேல் படியில் இரண்டு பெண்கள், கீழ்ப் படியில் கேஸ் சிலிண்டர் போடுகிறவர். எல்லோரும் பார்க்கிறார்கள். நாய்க்காரர் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு கத்தினார்.

"இது என் தங்கச்சி வீடு சார்! உள்ள ஒண்ணும் இல்ல! இத்தனை நாளும் நான்தான் நாயை உக்கார வச்சேன்! கயித்தை விரலால அமுக்கினா உக்காரும்! பதினாலு வீட்டுலயும் நான்தான்! சாரைக் கேளுங்க, சாருக்குத் தெரியும்!"

சுத்தியலே சம்மட்டியை இறக்கிவிட்டான். நாய்க்காரர், பிழைத்தோம் என்றுதான் நினைத்தார். உண்மையைச் சொல்லியாயிற்று, இனி எப்படி உடைப்பார்கள்?

அவர் கணக்கு அவ்வளவுதான். இன்ஸ்பெக்டரின் கணக்கு வேறு. அந்த வீட்டில் ஒன்றும் இல்லை என்று ஆனால் நாய்க்காரர் சொன்னது நிஜம். அது நிஜமானால் பதினாலு வழக்கும் போச்சு, ஜீப்பில் செத்தவன் கொலையாகிவிடுவான். ஆகவே அந்த வீட்டில் சரக்கு இருந்தே ஆக வேண்டும். உள்ளே இருக்கிறவன் இல்லை என்று சொல்ல உயிரோடு இருக்கக்கூடாது. ஒரு நிமிஷம் முன்னால் வரை அந்தக் கதவு வெறும் கதவு. நாய்க்காரரின் வாய்தான் அதைக் கொலைக்களம் ஆக்கியது.

"உடை" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மாப்ளே! கையைத் தூக்கிட்டு வா! கையில ஒண்ணும் வச்சுக்காத! மாப்ளே!"

உள்ளேயிருந்து தூக்கக் குரல் வந்தது. "யாரு, மச்சானா? இருங்க, திறக்கறேன்."

தாழ்ப்பாள் நகர்கிற சத்தம் கேட்டது. துப்பாக்கிக் கட்டை நாய்க்காரரின் காதோரம் இறங்கியது. அவர் சரிந்ததும் சம்மட்டி கதவில் விழுந்தது. கதவு, பின்னால் நின்றவன் முகத்தில் அடித்தது. மெக்கானிக் பனியனோடு மல்லாக்க விழுந்தான். மூக்கு உடைந்து வாயெல்லாம் ரத்தம். இரண்டு கையையும் தூக்கி விரித்துக் காட்டினான், மச்சான் சொன்னபடி, ஒன்றும் இல்லை என்று. இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை சுட்டார். ஒரு குண்டு விரித்த உள்ளங்கை வழியாகவே போனது.

பிறகு பை திறந்தது. பொட்டலம் மெக்கானிக்கின் கருவிப் பெட்டிக்குள், கிரீஸ் டப்பாவுக்கு அடியில் போனது. நாய்க்காரர் நிலைப்படியில் கிடந்தபடி அதைப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். பீப்பா உள்ளே போனது, கருவிப் பெட்டியைத் தாண்டிப் போனது. அசல் சரக்கு, மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில். நிற்கவே இல்லை. திரும்பி வந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது, பந்து எங்கே என்று.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நாய் மோப்பம் பிடிப்பதை விட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. அது அவரைத்தான் படித்துக்கொண்டிருந்தது. விரல் கூட அதற்குத் தேவைப்படவில்லை. மூச்சு போதும்.

சாயங்காலம் தங்கச்சி ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வந்தாள். அழவில்லை. "கதவைத் திறக்கறேன்னு சொன்னாராமே. எதிர்வீட்டம்மா சொன்னாங்க" என்றாள். பிறகு, "உன் நாய் உக்காந்துச்சாம்" என்றாள்.

நாய்க்காரர் எழுத்தில் புகார் கொடுத்தார். விசாரணைக்கு ஒரு மாஜிஸ்திரேட் அம்மாவைப் போட்டார்கள். விசாரணைக்கு எட்டு நாள் முன்னால், பட்டப்பகலில், பஸ் நிறுத்தத்தில் வைத்து அவரை ஒரு வேனுக்குள் இழுத்தார்கள். மூன்று பேர். முகத்தை மூடவில்லை. விலா எலும்பு இரண்டு போனது. அப்புறம் ஒருவன் கையைப் பிடித்தான். மூவரில் ஒருவனான சுத்தியல், இந்தத் தடவை சின்னச் சுத்தியலாகக் கொண்டு வந்திருந்தான். இரண்டு கட்டைவிரலையும் வேன் தரையில் வைத்து அடித்தான்.

"இப்ப எதை வச்சு அமுக்குவேன்னு மாஜிஸ்திரேட்டுக்குக் காட்டு" என்றான். போகும்போது, "மன்னிச்சுக்கண்ணே, மேல இருந்து சொன்னது" என்றும் சொன்னான். இவர்களிடம் இந்த மரியாதைக்கு எப்போதும் குறைவில்லை.

படிக்கட்டில் அவர் கத்தியது அப்படியே அவர்கள் காதில் நின்றிருந்தது: வித்தை கட்டைவிரலில். அதை நம்பி அடித்தார்கள். விசாரணை அன்று படையின் வக்கீல் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு, "பாவம், செய்முறை விளக்கம் முடியாது போலிருக்கு" என்று அனுதாபப்பட்டார்.

"நாய் எங்கே?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட் அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துப் பார்க்கிற ஆள். அதிகம் பேசவில்லை. அடுத்த அறையில் ஏழு நாற்காலிகள் போடச் சொன்னார். எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு, ஆய்வுக்கூடத்து ஆளை வைத்து ஒரு நாற்காலியின் அடியில் அசல் பொட்டலத்தை ஒட்டவைத்தார். பிறகு நாய்க்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டாவது நாற்காலியில வச்சிருக்கேன்" என்றார். "நீங்க உக்கார வைக்காதீங்க. ஒண்ணும் பண்ணாதீங்க. சும்மா நடங்க."

கயிற்றை முழங்கையில் மாட்டிக்கொண்டு நடந்தார். பீப்பா முதல் நாற்காலியைத் தாண்டியது. இரண்டாவதில் நின்றது, அவர் முகத்தைப் பார்த்தது, உட்கார்ந்தது.

மாஜிஸ்திரேட் அம்மா ஐந்தாவது நாற்காலியைக் கவிழ்த்துப் பொட்டலத்தைப் பிய்த்து மேஜையில் போட்டார்.

"கயிறே இல்லாம இன்னொரு தடவை. இப்ப ஆறாவது" என்றார். கயிற்றை அவிழ்த்தார்கள். பீப்பா ஆறாவதில் போய் உட்கார்ந்தது. பொட்டலம் மேஜை மேல் கிடந்தது.

மெக்கானிக் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளையும் அந்த அம்மா வரவழைத்துப் பார்த்தார். பாதி திறந்த நிலையில் வளைந்திருந்தது. 'இறந்தவர் கதவைத் திறந்துகொண்டிருந்தார்' என்று எழுதினார். எழுதியது அப்படியே மேலே போனது. உத்தரவு ரத்தானது. பதினாலு வழக்கும் ரத்தானது. செத்தவன் போக பதின்மூன்று பேர் வெளியே வந்தார்கள், பெயின்ட் கடை வேலைக்காரனும் வந்தான், சுருட்டையும் வந்தான். இன்ஸ்பெக்டரைக் கடலோரப் பயிற்சிப் பள்ளிக்கு மாற்றினார்கள். கொலை வழக்கு இன்னும் நடக்கிறது என்கிறார்கள், அது நடந்து யாரும் பார்த்ததில்லை. பொய்ச் சாட்சி சொன்னதை எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் நாய்க்காரர். அவருக்கு மூன்று வருஷம். அந்த முழு விவகாரத்தில் படைப் பக்கத்திலிருந்து சிறைக்குப் போனது அவர் ஒருவர்தான்.

பதினோரு மாதம் கழித்துத் தங்கச்சி சிறைக்கு வந்தாள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் அவர், கோணலாக ஒட்டிய கட்டைவிரல்களோடு.

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத."

"நினைக்கலம்மா."

"நானும்தானே சொன்னேன், உக்கார வைன்னு. அதுக்குத்தான் வந்தேன். வேற எதுக்கும் இல்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உன் நாயை ஏலத்துல விட்டாங்க. ஒருத்தனும் கேக்கலை. நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

அவர் வலையைப் பிடித்துக்கொண்டார்.

"சுருட்டை திரும்பக் கடை போட்டிருக்கான். இடது கையால விக்கறான். தினம் அந்த வழியாத்தான் வேலைக்குப் போகணும். முதல்ல எல்லாம் அவன் கடைகிட்ட வந்தா எனக்குக் கை கால் நடுங்கும். இது உடனே உக்காந்துடும். அவன் சிரிப்பான். 'வாக்கா, உள்ள வந்து தேடிப் பாரு'ன்னு."

"இப்ப?"

"ரெண்டு மாசம் ஆச்சு. தினம் காலையில படியில நின்னு மூச்சை நல்லா விட்டுட்டுதான் தெருவுல இறங்கறேன்." காவலர் நேரம் முடிந்தது என்று மணியடித்தார். அவள் எழுந்தாள். "நேத்து அவன் வெளிய வந்து கேக்கறான், 'ஏன்க்கா, நாய் இன்னிக்கு உக்காரலியா'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நிக்காம போயிட்டேன். அதுவும் நிக்கலை."